யமுனாவும் வாசகர்களும்: 'மோகமுள்' நாயகி பெற்ற எதிர்வினைகளின் வரலாறு

தி. ஜானகிராமன் எழுதிய 'மோகமுள்' நாவலின் நாயகி யமுனா. தந்தை தமிழ்ப் பிராமணர். தாய் தஞ்சாவூர் மராட்டியப் பெண். தன்னைவிடப் பத்து வயது இளையவனான பாபு என்னும் இளைஞனின் தீராத மோகத்துக்கு உரியவளாக அவள் நாவலில் வருகிறாள். 1950-களின் நடுப்பகுதியில் 'சுதேசமித்திரன்' வார இதழில் தொடராக வந்த இந்நாவல், பின்னர் நூலாகிப் பல பதிப்புகளைக் கண்டது. 1995-இல் திரைப்படமாகவும் வந்தது.

யமுனாவைத் தெய்வமாகப் போற்றியவர்கள் உண்டு. இறுதியில் அவள் இணங்கியதை வீழ்ச்சி என்று வருந்தியவர்களும் உண்டு. அவள் ஏன் மராட்டியப் பெண்ணின் மகளாகப் படைக்கப்பட்டாள் என்ற கேள்வி மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. வேற்றுமொழிப் பெண் ஒருத்தி காதல் நாவலின் நாயகியாகும்போது வாசகர்கள் அவளை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பதை யமுனாவை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியரும் நாவலும்

தி. ஜானகிராமன் (1921–1982) தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் கல்லூரிக் கல்வி பெற்றார். சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பின் அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்புப் பிரிவில் சேர்ந்தார். 'சக்தி வைத்தியம்' சிறுகதைத் தொகுப்புக்காக 1979-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 'அம்மா வந்தாள்', 'மரப்பசு', 'செம்பருத்தி', 'நளபாகம்' ஆகியவை அவருடைய பிற நாவல்களுள் சில.

'மோகமுள்' கதை கும்பகோணத்தில் தொடங்குகிறது. பாபு கல்லூரி மாணவன். இசையில் ஈடுபாடு உடையவன். அவன் குடும்பத்துக்கு நெருக்கமான சுப்பிரமணிய ஐயரின் இரண்டாம் தாரம் பார்வதிபாய் என்ற மராட்டியப் பெண். அவர்களுடைய ஒரே மகள் யமுனா. பெண் பார்க்க வருகிறவர்கள் தாயின் பின்னணியைக் கேட்டதும் பின்வாங்குகிறார்கள். ஆண்டுகள் கழிகின்றன, வீட்டில் செல்வம் தேய்கிறது. சிறுவயது முதல் யமுனாவை வியந்து பார்த்து வளர்ந்த பாபு, அந்த வியப்பு காதலாக மாறியதை உணர்கிறான். தன் விருப்பத்தைச் சொல்லும்போது அவள் மறுக்கிறாள். பல ஆண்டுகளுக்குப் பின், வறுமையில் சென்னைக்கு வந்து சேர்ந்த யமுனா அவனை ஏற்றுக்கொள்கிறாள்.

இடையில் தங்கம்மாள் என்ற இன்னொரு பெண் வருகிறாள். பாபு தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டில், முதியவர் ஒருவருக்கு மனைவியாக வாழும் இளம்பெண் அவள். இரவில் பாபுவைத் தேடி வருகிறவளும் அவளே. பின்னர் அவன் விலகியதும் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். யமுனாவைப் பற்றிய வாசக எதிர்வினைகளைப் புரிந்துகொள்ளத் தங்கம்மாளையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

தஞ்சை மராட்டியர்: சுருக்கமான பின்னணி

யமுனாவின் தாய்வழி ஒரு நீண்ட வரலாற்றின் மிச்சம். சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஏகோஜி 1676-ஐ ஒட்டித் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். சுமார் 180 ஆண்டுகள் அந்த மரபு நீடித்தது. 1855-இல் கடைசி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்ததும் ஆங்கிலேயர் அரசுரிமையை முடித்துவைத்தனர்.

இந்தக் காலத்தில் அரண்மனை அலுவலர், படைவீரர், புரோகிதர், கலைஞர் எனப் பலதரப்பட்ட மராட்டியக் குடும்பங்கள் காவிரிக் கரையில் குடியேறின. இரண்டாம் சரபோஜி (1798–1832) சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தெடுத்தார். மராட்டியக் கீர்த்தன மரபு தமிழ்நாட்டுக் கதாகாலட்சேபத்துக்குப் புது வடிவம் தந்தது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் அவ்வகையில் புகழ்பெற்றவர். வீட்டில் மராத்தியும் தெருவில் தமிழும் பேசிய இக்குடும்பங்கள் தலைமுறைகள் கடந்தும் தங்கள் அடையாளத்தைக் காத்துவந்தன. கும்பகோணத்திலேயே சௌராஷ்டிர மொழி பேசும் நெசவாளர் சமூகமும் உண்டு, எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் அச்சமூகத்தைச் சேர்ந்தவர்.

ஆகவே ஜானகிராமனுக்கு ஒரு மராட்டியத் தாய் தொலைதூரக் கற்பனை அல்லள். அவர் வளர்ந்த ஊர்களின் தெருக்களில் கேட்ட மொழிகளில் ஒன்று மராத்தி. அதே நேரத்தில், ஆட்சி போனபின் அச்சமூகத்தின் நிலை மாறிவிட்டது. ஒரு காலத்தில் அரண்மனை மொழியாக இருந்தது, இருபதாம் நூற்றாண்டில் பெண்ணின் திருமணத்துக்குத் தடையாகும் அடையாளமாகிவிடுகிறது. யமுனாவின் துயரம் இங்கிருந்து தொடங்குகிறது.

தஞ்சையில் ஒரு முன்கதை

பெண்ணின் காமத்தைப் பேசும் நூல் வாசகர்களைப் பிளவுபடுத்தியது தஞ்சை மண்ணுக்குப் புதிதன்று. மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (1739–1763) அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை, தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' என்ற சிருங்காரக் காவியத்தை இயற்றினார். அதில் ராதை காதல் அனுபவம் முதிர்ந்த பெண். தன் விருப்பத்தைத் தானே வெளிப்படுத்துகிறவள்.

1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்நூலை முழுமையாகப் பதிப்பித்தார். சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் முத்துப்பழனியின் காவியத்தைக் கண்டித்திருந்தார். ஆண் கவிஞர்கள் இதைவிட அதிகமாக எழுதியபோது எழாத வெட்கம் பெண் எழுதும்போது மட்டும் ஏன் எழுகிறது என்பது நாகரத்தினம்மாளின் வாதம். ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்தது. நாடு விடுதலை பெறும் காலத்தில்தான் த. பிரகாசத்தின் முயற்சியால் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராசர் சமாதியில் கோவில் எழுப்பியவரும் இதே நாகரத்தினம்மாள்தான்.

மாணவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நூலைப் பற்றிய தீர்ப்பாகத் தோன்றியது உண்மையில் அதை எழுதிய பெண் யார், எந்தக் குலத்தவள் என்பதைப் பற்றிய தீர்ப்பாக இருந்தது. 'மோகமுள்' வாசிப்பிலும் இச்சிக்கல் வேறு உருவில் திரும்ப வருகிறது.

தொடர்கதைக் காலத்து வாசகர்

1950-களிலும் 60-களிலும் தமிழ் நாவல் பெரும்பாலும் வார இதழ் வழியாகவே வாசகரை அடைந்தது. ஒரு பிரதி வீடு முழுவதும் சுற்றி, அடுத்த வீட்டுக்கும் போகும். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் வரும்போது, பாத்திரம் உறவினரைப் போல ஆகிவிடுகிறது. அவளுக்கு என்ன ஆகும் என்று வாசகர் கவலைப்படுகிறார்; தவறு செய்தால் கோபித்துக்கொள்கிறார்.

இதன் வலிமையைக் காட்டப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 1966-இல் 'ஆனந்த விகடன்' வெளியிட்ட ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை. மழை நாளில் காரில் வந்த அந்நியனிடம் தன்னை இழந்த மாணவியைத் தாய் தலையில் நீரூற்றித் தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொள்வது அக்கதை. ஆதரித்தும் எதிர்த்தும் கடிதங்கள் குவிந்தன. மாற்று முடிவு எழுதியவர்களும் இருந்தார்கள். அந்த விவாதத்தின் தொடர்ச்சியாக, தாய் அவ்வாறு ஏற்காமல் ஊரறியச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அந்நாவல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாசகரின் எதிர்வினையே ஒரு நாவலுக்கு வித்திட்டது தமிழில் அரிதான நிகழ்ச்சி.

ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) வந்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. வேதம் படிக்கும் மகனுக்குத் தன் தாயின் மணவாழ்வுக்குப் புறம்பான உறவு தெரியவருவது அதன் கதை. அந்நாவல் 1970-களில் ஆங்கிலத்தில் வந்தபோது, தலைப்பு 'அப்புவின் தாயின் பாவங்கள்' என்று பொருள்படும்படி மாறியது. மூலத்தின் தலைப்பில் பாவம் என்ற சொல்லே இல்லை. மொழிபெயர்ப்பின் தலைப்பும் ஒருவகை வாசக எதிர்வினையே என்பதற்கு இது சான்று.

யமுனாவுக்கு எழுந்த எதிர்வினைகள்

யமுனாவைப் பற்றிய எதிர்வினைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வழிபாடு. பாபு அவளைத் தேவியாகக் காண்பதுபோலவே வாசகர்களும் கண்டார்கள். கும்பகோணம் துக்காம்பாளையத் தெருவில் அவள் வீடு இருப்பதாக நாவல் சொல்கிறது. அந்தத் தெருவைத் தேடிப்போய், எந்த வீடாக இருக்கும் என்று பார்த்து நின்றதை எழுத்தாளர்களும் வாசகர்களும் எழுதியிருக்கிறார்கள். இல்லாத ஒரு பெண்ணின் வீட்டு வாசலைத் தேடி மக்கள் போனது தமிழ் நாவலுக்குக் கிடைத்த பெரும் மரியாதை. ஆயினும் தேடிப்போனவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். தங்களைப் பாபுவாக எண்ணிக்கொண்டவர்கள்.

இரண்டாவது, ஏமாற்றம். இத்தனை பக்கங்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றவள் இறுதியில் இணங்கியது சிலருக்குப் பிடிக்கவில்லை. அந்த இரவுக்குப் பின் யமுனா கேட்கும் சிறு கேள்வியைப் பற்றி இன்றுவரை விவாதம் நடக்கிறது. இத்தனை ஆண்டுத் தவிப்பும் இதன்பொருட்டுத்தானா என்ற கருத்துப்பட அவள் கேட்கிறாள். அதை ஏளனம் என்று கொண்டவர்களும், பரிவு என்று கொண்டவர்களும், உடலின்பத்தின் எல்லையைச் சொல்லும் தத்துவம் என்று கொண்டவர்களும் உள்ளனர். ஆனால் அவள் வறுமையிலும் தனிமையிலும் இருந்தபோது அந்த முடிவை எடுத்தாள் என்பதை விவாதங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

மூன்றாவது, அவளை விலக்கிவிட்டு நாவலைப் படிப்பது. பாபுவின் குரு ரங்கண்ணாவையும் நாவலில் வரும் இசையையும் முதன்மையாகக் கொண்டவர்கள் இவ்வகையினர். இவர்களுக்குக் காமம் என்பது கலைஞன் கடக்க வேண்டிய படி. யமுனா அந்தப் படி. இசையைச் சொல்லால் கேட்கவைத்த நாவல் என்ற இவர்களின் பாராட்டு முற்றிலும் நியாயமானது. எனினும் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை ஆணின் பயணத்தில் ஒரு கட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

நான்காவது, பெண்ணிய நோக்கிலான வாசிப்பு. ஜானகிராமனின் பெண்கள் ஆணின் வியப்பிலிருந்து பிறந்தவர்கள் என்பது இவ்வாசிப்பின் மையம். அழகு, கம்பீரம், ஒளி என்று யமுனா ஓயாமல் வருணிக்கப்படுகிறாள். அவள் மனத்துக்குள் நாம் நுழைவது குறைவு. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. நாவல் பெரும்பாலும் பாபுவின் கண்வழியே நகர்கிறது.

1995-இல் ஞான ராஜசேகரன் இயக்கத்தில் திரைப்படம் வந்தது. இளையராஜா இசையமைத்தார். யமுனாவாக நடித்தவர் மராட்டியரான அர்ச்சனா ஜோக்லேகர். ரங்கண்ணாவாக மலையாள நடிகர் நெடுமுடி வேணு நடித்தார். இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. நாவலைப் படித்த பலர், தங்கள் மனத்தில் இருந்த யமுனா இவள் இல்லை என்றார்கள். அப்படிச் சொல்ல ஒவ்வொருவரிடமும் ஒரு யமுனா இருந்தாள் என்பதே கவனிக்கத்தக்கது.

கேட்கப்படாத கேள்வி

யமுனா ஏன் அரை மராட்டியப் பெண்? அவளை எளிதாகத் தமிழ்க் குடும்பத்திலேயே பிறக்க வைத்திருக்கலாமே?

கதைப்பின்னலின் தேவை என்பது உடனே தோன்றும் விடை. திருமணம் தடைபட ஒரு காரணம் வேண்டும். தாயின் பிறப்பு அக்காரணம். இது சரிதான், ஆனால் போதாது. வேற்றுமொழிப் பெண்ணை மோகத்தின் உருவாகக் காட்டும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அவ்வழக்கத்தை ஜானகிராமன் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களைச் சூடான இரத்தம் உடையவர்கள், சட்டென்று கோபமும் காமமும் கொள்பவர்கள் என்று காட்டும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. மெக்சிகோவில் பிறந்த நடிகை லூப்பே வேலெஸ் 1939 முதல் 1943 வரை நடித்த நகைச்சுவைப் படங்களின் வரிசைக்கே 'மெக்சிகன் ஸ்பிட்ஃபயர்', அதாவது தீப்பொறி பறக்கும் மெக்சிகோக்காரி என்று பெயர். மலிவு விலைக் காதல் நாவல்களிலும் இந்த அச்சு தொடர்ந்தது. அச்சமூகத்து வாசகியர் தங்களை அந்நாவல்களில் காண விரும்பினார்கள். ஆனால் மிளகாயாகவோ மசாலாவாகவோ காண விரும்பவில்லை. 1999-இல் கென்சிங்டன் என்ற அமெரிக்கப் பதிப்பகம், 'என்காண்டோ' என்ற பெயரில் அவ்வாசகியருக்கென்றே ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் காதல் நாவல் வரிசை ஒன்றைத் தொடங்கியது. தங்கள் பாட்டியும் சமையலறையும் பேச்சும் இருக்கும் கதைகளில் தாங்களும் காதலிக்கப்பட வேண்டும் என்ற வாசகியரின் விருப்பத்துக்கு அப்போது சந்தை செவிசாய்த்தது.

இந்த ஒளியில் 'மோகமுள்' நாவலைப் பார்த்தால் ஒரு தலைகீழ் மாற்றம் தெரியும். வழக்கப்படி எழுதியிருந்தால், மராட்டிய இரத்தம் கலந்த யமுனாதான் இரவில் தேடி வந்து மயக்கியிருப்பாள். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அடக்கத்தின் உருவாக இருந்திருப்பாள். ஜானகிராமன் இதை மாற்றிவிட்டார். தாபத்தோடு கதவைத் தட்டுகிறவள் உள்ளூர்ப் பெண். நிதானமும் தன்மதிப்பும் உடையவள் 'வெளியாள்' என்று ஊர் ஒதுக்கிய பெண். மோகம் முழுவதும் பாபுவுடையது. யமுனாவின் குருதியில் அதைத் தேட இடமில்லை.

ஆயினும் ஆசிரியர் முழுமையாகத் தப்பவில்லை என்றும் சொல்ல வேண்டும். யமுனாவின் நிறமும் உயரமும் நிற்கும் தோரணையும் மற்றப் பெண்களிடமிருந்து அவளைப் பிரித்தே காட்டப்படுகின்றன. வாசகர்களில் பலர் மயங்கியது அந்த வேற்றுமையில்தான். அவளை ஊர் ஏன் ஒதுக்கியது என்ற இடத்தை வேகமாகக் கடந்துபோனார்கள். ஒதுக்குவதும் வியப்பதும் எதிரெதிராகத் தோன்றினாலும், நம்மவள் இல்லை என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

எல்லைப்புற மாவட்டத்திலிருந்து ஒரு குறிப்பு

இக்கேள்வி எனக்கு எழுந்தது நான் வாழும் இடத்தால். பேச்சிப்பாறை, மூலம் திருநாள் மன்னர் காலத்தில் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையாலும், சுற்றிலும் உள்ள ரப்பர் தோட்டங்களாலும் அறியப்படும் ஊர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. எல்லை மாறியது, குடும்பங்கள் மாறவில்லை. அம்மா மலையாளம், அப்பா தமிழ் என்ற வீடுகள் இங்கு சாதாரணம். காணிக்காரர்களின் பேச்சு இன்னொரு வகை.

தமிழ்நாட்டின் உட்பகுதிகளில் மலையாளப் பெண் என்றால் மந்திரமும் மயக்கமும் என்று ஒரு பேச்சு உண்டு. திரைப்படங்களும் அதைப் பெருக்கின. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளப் பெண் என்றால் அம்மா, அல்லது மதினி, அல்லது சாயா போட்டுத் தரும் அம்மச்சி. அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதா கோபிப்பதா என்று அவர்கள் திகைப்பதைக் கண்டிருக்கிறேன்.

'மோகமுள்' நாவலை நான் பி.எட். படிக்கும்போது, விடுதித் தோழர் ஒருவரிடமிருந்து வாங்கிப் படித்தேன். குலசேகரம் வழியாக ஊருக்குத் திரும்பும் பேருந்தில் கடைசி அத்தியாயங்களை முடித்தேன். அப்போது நானும் பாபுதான். யமுனா கிடைப்பாளா என்பது மட்டுமே என் கவலை. அதைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி அந்நூலை என்னிடம் வாங்கிப் போனாள். அவள் தாய் மலையாளம் பேசுபவர். திருப்பித் தரும்போது பாபுவைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. "அவ அம்மை வேற பாஷை பேசுனதுக்கு அவளுக்கு ஏன் சார் கல்யாணம் நடக்கல்ல?" என்று கேட்டாள். தாயின் மொழி மட்டுமன்று, தாய் இரண்டாம் தாரம் என்பதும் சாதிக் கட்டுப்பாடும் சேர்ந்த காரணம் அது என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். ஆனால் நாற்பது வயது கடந்தும் நான் கேட்காத கேள்வியை அவள் கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் பார்வதிபாய் வரும் இடங்களை மீண்டும் படித்தேன். மகளுக்கு வரன் தேடித் தேடிச் சோர்ந்து, கடுமையாகிவிட்ட அந்தத் தாயை முதல் வாசிப்பில் கோபக்காரி என்றே நினைத்திருந்தேன்.

மதிப்பீடு

'மோகமுள்' பெற்ற எதிர்வினைகளில் தமிழ் வாசகரின் மாற்றத்தையும் காணலாம். முத்துப்பழனியைத் தண்டித்த சமூகம், ஐம்பது ஆண்டுகளுக்குள் தன்னைவிட மூத்த பெண்ணை விரும்பும் இளைஞனின் கதையை வார இதழில் படித்து ரசித்தது. 'அக்னிப் பிரவேசம்' போன்ற கதைகளைப் பற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாக வாதிட்டது. இவை சிறிய மாற்றங்கள் இல்லை.

ஆனால் யமுனா காதலுக்குத் தகுந்தவளா, இணங்கியது சரியா என்ற இரு கேள்விகளிலேயே அந்த வாசிப்பு நெடுங்காலம் நின்றுவிட்டது. நடத்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தயாராக இருந்தவர்கள், பிறப்பைப் பற்றி ஊர் சொன்ன தீர்ப்பைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார்கள். கும்பகோணத்தில் யமுனாவின் வீட்டைத் தேடிப் போனவர்களில் எத்தனை பேர் அவளுடைய தாய்மொழியை நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்நாவலை முதன்முறை படிக்கப்போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாசிப்பில் பாபுவோடு செல்லுங்கள். ஆசிரியர் அப்படித்தான் அழைத்துப் போகிறார், அந்த இன்பத்தை இழக்க வேண்டாம். இரண்டாம் வாசிப்பில் பார்வதிபாயின் கூடத்தில் உட்கார்ந்து, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதில் வருமா என்று அவரோடு காத்திருந்து பாருங்கள்.